நாடகம் படித்தவனுக்கு என்ன வேலை?

'தியேட்டர் ஆர்ட்ஸ் படித்திருக்கிறேன்' என்று சொன்னால் நம்ம ஊரில் மூன்று விதமான பதில்கள் வரும். ஒன்று: "எந்தத் தியேட்டர்ல இருக்கே? புதுப்படத்துக்கு டிக்கெட் கிடைக்குமா?" இரண்டு: "ஆபரேஷன் தியேட்டர்தானே? நல்ல படிப்பாச்சே, ஆஸ்பத்திரியில உடனே எடுத்துப்பாங்களே!" மூன்று: "அப்ப எந்த சீரியல்ல வர்றே?"

முதல் இரண்டையும் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். (இரண்டாவது வெறும் ஜோக் இல்லை சாமி. வேலை தேடும் இணையதளம் ஒன்றில் 'தியேட்டர்' என்று தட்டினேன். வந்து விழுந்ததில் பாதி ஓ.டி. டெக்னீஷியன் வேலைகள். படிப்பு விவரம் கேட்கும் பட்டியலில் நாடகம் என்ற ஒன்றே கிடையாது. 'இதர கலைகள்' என்று போட்டுவிட்டு மேலே போக வேண்டியதுதான்.) மூன்றாவது கேள்வியைத்தான் கடக்க முடியவில்லை. கேட்பவருக்கு நடிப்பு என்றால் டிவி, சினிமா. அதைப் படித்தவன் அங்கே இல்லை என்றால் அவனிடம் ஏதோ குறை இருக்கிறது. அப்பாவின் நண்பர்கள், சித்தப்பா, மாடி வீட்டு ஆன்ட்டி எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். கணக்கு தப்பு என்று அவர்களுக்கு விளக்க முயன்று முயன்று எனக்கே சில விஷயங்கள் புரிந்தன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நாடகத்தில் எம்.ஏ. முடித்தவனுக்கு முன்னால் இருக்கும் வழிகளைப் பட்டியல் போட்டுவிடலாம்.

1. நெட் எழுதி கல்லூரி ஆசிரியர் ஆவது. யு.ஜி.சி. நெட் தேர்வில் 65ஆம் எண் பாடம் நம்முடையது. நடனமும் நாடகமும் ஒரே பாடமாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். எழுதலாம், தேறவும் தேறலாம். ஆனால் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நாடகத்துறை உள்ள கல்வி நிறுவனங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். ஒருவர் ஓய்வு பெற்றால்தான் ஒரு நாற்காலி.

2. பள்ளி ஆண்டு விழா. தனியார் பள்ளிகள் நவம்பர், டிசம்பரில் நம்மைத் தேடும். நான் போன ஒரு பள்ளியில் அறுபது பிள்ளைகள், பத்து நாள் ஒத்திகை. முடிவில் ஒரு கவர் கொடுத்தார்கள். பஸ் செலவும் சாப்பாடும் போக மிஞ்சியது இரண்டு நாள் கூலி. நாடகம் நன்றாக இருந்தது என்று பிரின்சிபால் கைகொடுத்தார். அடுத்த வருடமும் கூப்பிடுகிறேன் என்றார். நடுவில் இருக்கும் பதினோரு மாதம்?

3. கம்பெனிகளில் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' வகுப்பு. பேச்சு, உடல்மொழி, குழு விளையாட்டு. நாம் முதல் வருடத்தில் செய்த பயிற்சிகளையே டை கட்டிக்கொண்டு செய்தால் போதும். நல்ல காசு. ஆனால் அதற்கும் எம்.பி.ஏ. படித்தவரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.

4. சினிமா, சீரியல். இதைப் பற்றித்தான் பேச நிறைய இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் நாடகத்தை வைத்துச் சோறு தின்றவர்கள் யார்?

ஒரு கூட்டம் கம்பெனி நாடகக்காரர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். சிறுவனாகச் சேர்ந்தார். அங்கே தங்க இடம், சாப்பாடு, பாட்டு, வசனம், அடி எல்லாமே கிடைத்தது. சிறுவர்களைச் சேர்த்துப் பிழிந்தார்கள் என்றும் சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் நடிப்பு அங்கே முழுநேரத் தொழில். அந்தத் தொழிலின் மிச்சம் இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகமாக இருக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. விடியும்வரை நடித்துவிட்டு, பேசிய காசை வாங்கிக்கொண்டு அடுத்த திருவிழாவுக்குப் பஸ் ஏறுவார்கள்.

இன்னொரு கூட்டம் ஆபீஸ்காரர்கள். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. கே.பாலசந்தர் மேஜர் சந்திரகாந்த், எதிர்நீச்சல் எல்லாம் போட்ட காலத்தில் ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்தவர். கிரேசி மோகன் இன்ஜினியர். சபா நாடகத்தை வளர்த்தவர்களில் மிகப் பலர் பேங்க், ரயில்வே, அரசு அலுவலகம் என்று பகலில் சம்பளம் வாங்கிக்கொண்டு மாலையில் அரிதாரம் பூசியவர்கள். நாடகம் நஷ்டமானாலும் வீட்டில் அடுப்பு எரியும்.

ஆக, நம் சமூகத்துக்குத் தெரிந்த நாடகக்காரர்கள் இரண்டு வகை: ராத்திரிக்கு இவ்வளவு என்று காசு பேசுபவர், சம்பளம் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டு ஆசைக்கு நடிப்பவர். பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, 'இதுதான் என் தொழில், மாதச் சம்பளம் கொடுங்கள்' என்று நிற்கும் மூன்றாவது ஆளை அதற்குத் தெரியாது. என்னைப் பார்த்து விழிக்கும் சித்தப்பா மேல் எனக்குக் கோபம் வராததற்கு இதுதான் காரணம். அவர் பார்த்த உலகத்தில் இப்படி ஒரு ஆள் இருந்ததில்லை. இதற்கு விதிவிலக்காகச் சில முயற்சிகள் நடந்தன. ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, நிதி கிடைத்த காலத்தில் முழுநேர நடிகர்களை வைத்துப் பயிற்சி கொடுத்தது. பசுபதி, கலைராணி போன்றவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலையில்தான் சேர்ந்தார். கவனியுங்கள், அங்கேயும் நாம் பெயர் சொல்லிப் பெருமைப்படுவது சினிமாவுக்குப் போனவர்களைத்தான்!

சரி, இப்போது சீரியலுக்கு வருவோம்.

நாடகம் படிக்கிறவர்களிடம் ஒரு வியாதி உண்டு. சீரியல் என்றாலே மூக்கைச் சுளிப்பது. 'குப்பை, மக்களைக் கெடுக்கிறது, நாடகத்தைக் கொன்றதே அதுதான்' என்று கேன்டீனில் உட்கார்ந்து பேசுவது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1993இல் சன் டிவி வந்தது, 1999இல் சித்தி வந்தது. அதற்குப் பிறகு என் பாட்டி ராத்திரி ஒன்பதரை மணிக்கு வேறு வேலை வைத்துக்கொண்டதில்லை. ஒரு காலத்தில் கொட்டகையில் உட்கார்ந்து நல்லதங்காளுக்காக அழுத அதே சனம்தான் ராதிகாவுக்காகவும் அழுதது. அழுகை ஒன்றுதான், இடம்தான் மாறியது. அந்தச் சனத்தைக் குறை சொல்லிவிட்டு யாருக்காக நாடகம் போடுவது? நாற்பது நண்பர்களுக்காகவா?

என் குறை வேறு. சீரியல் எடுக்கும் முறையில் நடிகன் தேவையே இல்லை. வளசரவாக்கம், சாலிகிராமம் பக்கம் ஷூட்டிங் நடக்கும் வீடுகளில் ஒரு நாள் நின்று பாருங்கள். உதவி இயக்குநர் ஒருவர் ஓரத்தில் நின்று வசனத்தைச் சத்தமாகப் படிப்பார். நடிப்பவர் அதைக் கேட்டுக் கேட்டுத் திரும்பச் சொல்வார். தமிழ் தெரியாதவர் என்றாலும் பரவாயில்லை, வாயசைத்தால் போதும். பிறகு வேறு ஒருவர் டப்பிங் அறையில் உட்கார்ந்து குரல் கொடுப்பார். அதிர்ச்சியான விஷயம் என்றால் அதே முகத்தை மூன்று முறை காட்டி, இடி இடித்துவிடுவார்கள். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, உணர்ச்சி பின்னணி இசையினுடையது. எங்களுக்கு இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்ததோ குரலையும் உடம்பையும் ஒன்றாகச் சேர்ப்பதற்கு. பிரித்து வைத்து வியாபாரம் செய்யும் இடத்தில் சேர்க்கத் தெரிந்தவனுக்கு என்ன வேலை?

'ஸ்பெஷல் நாடகத்திலும்தான் ஒத்திகை இல்லையே?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே ஒத்திகை இல்லாததற்குக் காரணம், ராஜபார்ட்டுக்கு வள்ளி திருமணம் முழுதும் பாட்டோடு, தர்க்கத்தோடு தலைகீழாகத் தெரியும். எதிரே நிற்பவர் எங்கே இழுத்தாலும் போய்விட்டுத் திரும்பி வருவார். சீரியலில் ஒத்திகை இல்லாததற்குக் காரணம், இன்றைக்குள் இத்தனை காட்சியை முடிக்க வேண்டும். காட்சித்தாளே காலையில்தான் வரும். இரண்டும் ஒன்றல்ல.

அதே டிவியில் எனக்குப் பிடித்ததும் இருக்கிறது. 2005இல் விஜய் டிவியில் வந்த கலக்கப் போவது யாரு. மைக் பிடித்து ஒருவர் தனியாக நின்று, எதிரே இருப்பவரைச் சிரிக்க வைக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை என்றால் அந்த நொடியே தெரிந்துவிடும். சிவகார்த்திகேயன் அங்கிருந்து வந்தவர். லொள்ளு சபாவில் சந்தானமும் கூட்டமும் ஒரு முழுப் படத்தையே கிண்டலடித்து மறுபடி நடிப்பார்கள். அட்டைப்பெட்டி செட், ஓட்டை விக், ஆனால் டைமிங் பிசகாது. இவர்கள் செய்தது பபூன் வேலைதான், ஸ்பெஷல் நாடகத்து பபூன் செய்வது. எங்கள் பாடத்திட்டத்தில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி இருந்தார், பிரெக்ட் இருந்தார், இருக்கட்டும், ரொம்ப சந்தோஷம். ஆனால் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது எப்படி என்று ஒரு நாள்கூட வகுப்பு நடக்கவில்லை. வேலை தேடிப் போகும்போது அது தெரிந்தவனைத்தான் கேட்கிறார்கள்.

மராத்திக்காரர்களைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது. அங்கே டிவியில் நடிப்பவர்களே டிக்கெட் விற்கும் நாடகத்திலும் நடிக்கிறார்கள். சீரியலில் பார்த்த முகத்தை நேரில் பார்க்க சனம் காசு கொடுத்து தாதரில் உள்ள சிவாஜி மந்திருக்கு வருகிறது. டிவி அங்கே நாடகத்தைக் கொல்லவில்லை, விளம்பரம் செய்கிறது.

ஆனாலும் நான் சொல்ல வந்தது 'எல்லோரும் டிவிக்குப் போங்கள்' என்பதில்லை. போக முடிந்தவர்கள் போகட்டும். வருடா வருடம் படித்து முடிக்கும் அத்தனை பேரையும் அது எடுத்துக்கொள்ளாது. எடுத்துக்கொள்ளக் கடமையும் இல்லை. நமக்கான வேலை இருக்கிற இடம் பள்ளிக்கூடம் என்று நினைக்கிறேன். ஆண்டு விழா இல்லை, தினசரிப் பள்ளிக்கூடம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டர் உண்டு, டிராயிங் மாஸ்டர் உண்டு. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு எடுத்தது, தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி, தோட்டக்கலை என்று பட்டியல் போனது. நாடகம் அதில் இல்லை. 2022இல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கினார்கள். நல்ல காரியம், நாடகப் போட்டியும் இருக்கிறது. அந்த நாடகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? பெரும்பாலும் தமிழ் ஐயாவோ சயின்ஸ் டீச்சரோதான், பரீட்சைப் பேப்பர் திருத்திய நேரம் போக. கேரளத்தில் பள்ளிக் கலோத்சவம் 1957லிருந்து நடக்கிறது. அங்கே போட்டி நாடகத்துக்கென்று வெளியிலிருந்து இயக்குநர்களைக் கூப்பிடும் வழக்கம் வந்துவிட்டது. தேசிய நாடகப் பள்ளி 1989லேயே பிள்ளைகளோடு வேலை செய்ய டெல்லியில் தனிக்குழு வைத்துவிட்டது.

நாடக வகுப்பில் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? எல்லோரும் நடிகர் ஆகப் போவதில்லை, ஆகவும் வேண்டாம். நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று தன் பெயரைத் தெளிவாகச் சொல்லும். அடுத்தவன் பேசும்போது காதுகொடுத்துக் கேட்கும். பன்னிரண்டாம் வகுப்பில் 1,100 வாங்கிவிட்டு இன்டர்வியூவில் வாய் திறக்க முடியாமல் வெளியே வந்த நண்பர்களை எனக்குத் தெரியும். அதற்கப்புறம் ஆயிரக்கணக்கில் கட்டி அதே 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' வகுப்பில் போய் உட்காருகிறார்கள். ஆறாம் வகுப்பில் வாரம் இரண்டு பீரியட் கிடைத்திருந்தால் இந்தச் செலவு எதற்கு? டவுன் பிள்ளைக்கு அப்பா காசு கட்டுவார். கிராமத்துப் பிள்ளைக்கு யார் கட்டுவது?

நாடகம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. டிரைவிங் லைசென்ஸ் மாதிரி கூடவே ஒரு பி.எட்.டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கே பணியிடம் வந்தால் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஊருக்குப் போகும்போது ஒரு ராத்திரியாவது ஸ்பெஷல் நாடகத்தில் பபூனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து விடியும்வரை பாருங்கள். சீரியல் வாய்ப்பு வந்தால் வெட்கப்படாமல் போங்கள், பேட்டா வாங்குங்கள், வாடகை கட்டுங்கள்.

பள்ளிக்கு ஒரு நாடக ஆசிரியர். இதைப் படித்து முடித்த நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? டிராயிங் மாஸ்டர் பணியிடமும் யாரோ ஒருவர் எப்போதோ கேட்டதால் வந்ததுதானே.