வெட்டிய காரும் விட்டுவைத்த காரும்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் 2020 ஜனவரியில் நடந்த மீக்கம் நிறுவனத்தின் ஏலத்துக்குக் கரும்பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங் ஒன்று வந்தது. பெயின்ட் வெளிறி, விளிம்புகளில் துரு ஏறிக் கிடந்த வண்டி. 1968இல் வெளியான ‘புல்லிட்’ படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய கார் அது. 1974இல் ஒரு குடும்பம் அதை 6,000 டாலருக்கு வாங்கியது. ஆசிரியையான அந்த வீட்டுப் பெண்மணி அதில்தான் பள்ளிக்கு வேலைக்குப் போய்வந்தார். மெக்வீனே கடிதம் எழுதித் திருப்பிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. ஏலத்தில் அது 37.4 லட்சம் டாலருக்குப் போனது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஏலத்தில் 1951ஆம் ஆண்டு மெர்குரி கூப்பே, அதாவது இரண்டு கதவும் குறுகிய கூண்டும் கொண்ட கார் ஒன்று, 21.45 லட்சம் டாலருக்கு விற்றது. இந்தக் காரோ, ஓட்டிப் பழகுவதற்குள் கூரை அறுக்கப்பட்டது. கதவுக்குப் பின்னிருந்த தூண்கள் எடுக்கப்பட்டன. வேறு கம்பெனிக் கார்களின் உறுப்புகள் அதில் பொருத்தப்பட்டன.

முதல் காருக்கு மதிப்பு வந்தது படத்துக்குப் பிறகு யாரும் கைவைக்காததால். இரண்டாவதற்கு மதிப்பு வந்தது துணிந்து கைவைத்ததால். பழைய கார் பிரியர்களிடையே பல பத்தாண்டுகளாக நடக்கும் சண்டையில் இரு தரப்பையும் இந்த இரண்டு கார்களும் சேர்ந்து மடக்கிவிடுகின்றன. “தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால்தான் கார்” என்பது ஒரு தரப்பு. “என் கார், என் காசு, என் இஷ்டம்” என்பது மறு தரப்பு. இரண்டுமே பாதி நியாயம்தான்.

அந்த மெர்குரியின் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான பாப் ஹிரோஹாட்டா, 1952இல் அதை லாஸ் ஏஞ்சலஸ் அருகே லின்வுட்டில் இருந்த பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் விட்டார். கூரை முன்பக்கம் நான்கு அங்குலமும் பின்பக்கம் ஏழு அங்குலமும் இறக்கப்பட்டது. பக்கவாட்டுப் பட்டை ப்யூக்கிலிருந்து வந்தது; பின்விளக்கு லிங்கனிலிருந்து. மேலே இரண்டு வகைப் பச்சை. கண்காட்சிகளில் புகழ் பெற்று, 1955இல் ஒரு திரைப்படத்திலும் தலைகாட்டிய அந்தக் கார், 1959இல் வெறும் 500 டாலருக்கு ஒரு பள்ளி மாணவனிடம் வந்து சேர்ந்தது.

அந்த மாணவர் அதை ஓட்டினார், பிறகு நிறுத்திவைத்தார், நடுவயதில் புதுப்பிக்கத் தொடங்கினார். இங்கேதான் விஷயம் இருக்கிறது. மெர்குரி தொழிற்சாலையிலிருந்து 1951இல் வெளிவந்த நிலைக்கு அவர் அதைக் கொண்டுபோகவில்லை. பாரிஸ் பட்டறையிலிருந்து வெளிவந்த நிலைக்கே மீட்டார். ‘அசல்’ என்று அவர் கருதியது அதைத்தான். 2015இல் பெபிள் பீச் கண்காட்சியில், கோடீஸ்வரர்களின் குறைபாடற்ற கார்களுக்கு நடுவே அது மரியாதையுடன் நின்றது. பின்னர் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. ஒரு பட்டறையின் வெட்டு வேலையை அந்த நாடு தன் வரலாறாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஏற்காமல் இருக்கவும் முடியாது. அந்த வெட்டு வேலைக்குப் பின்னால் ஒரு நீண்ட மரபு இருக்கிறது. 1932இல் ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டர் இன்ஜினின் பிளாக்கை ஒரே வார்ப்பாக வார்த்துச் சாமானியர் விலைக்குக் கொண்டுவந்தார். 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி. அதுவரை எட்டு சிலிண்டர் என்றால் பணக்காரர்களின் வண்டி. 500 டாலருக்குள் அது கிடைத்ததும், சில ஆண்டுகளில் பழைய கார் சந்தையில் இன்னும் மலிவானதும், கலிஃபோர்னியா இளைஞர்களின் கை பரபரத்ததில் வியப்பில்லை.

மட்கார்டைக் கழற்றினால் எடை குறையும். கூரையை இறக்கினால் காற்று எதிர்ப்பு குறையும். மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் அவர்கள் நேரம் குறித்து ஓட்டிப் பார்த்தார்கள். அதை ஒழுங்குபடுத்த 1937இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு சங்கம் உருவானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய இளைஞர்களில் பலரிடம் ராணுவத்தில் கற்ற மெக்கானிக் வேலையும் கையில் கொஞ்சம் பணமும் இருந்தன. 1948 ஜனவரியில், இப்படி வேகத்துக்காக மாற்றிய கார்களின் பெயரையே தாங்கி ‘ஹாட் ராட்’ இதழ் வந்தது. 1949இல் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புத் தரையில் வேக வாரம் தொடங்கியது. 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கம் உருவாகி, தெருவில் நடந்த பந்தயத்தை ஓடுதளத்துக்கு இழுத்துவந்தது. இந்த வரலாற்றில் கைவைக்கப்படாத கார் ஒன்றுகூட இல்லை. மாற்றியமைப்பதை அவமதிப்பு என்று சொல்பவர்கள் இவ்வளவையும் அழித்துவிட்டுப் பேச வேண்டியிருக்கும்.

வேலையும் லேசுப்பட்டதல்ல. கூரையை இறக்குவது என்றால் தூண்களை அறுத்து ஒட்டவைப்பது மட்டும் அல்ல. தூண்கள் சாய்வாக நிற்பதால், அறுத்ததும் மேற்பாதி கீழ்ப்பாதியோடு பொருந்தாது. கூரைத் தகட்டையே வெட்டி நீட்ட வேண்டும். கண்ணாடிகளையும் புதிதாக வெட்ட வேண்டும். அந்தக் கால டிங்கர் கலைஞர்கள் இணைப்புகளில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை உருக்கி, மரக்கட்டையால் தீற்றி, அரம் கொண்டு ராவி மழமழப்பாக்கினார்கள். ஈயத்தூள் உடலுக்கு நஞ்சு என்பது வேறு விஷயம். இன்றைக்குப் பட்டி பூசுவது எளிது. ஆனாலும் நல்ல பட்டறையில் ஒரு கூப்பே ஆண்டுக்கணக்கில் நிற்கும். முடித்து விற்றால் போட்ட பணம் திரும்புவது அபூர்வம். இதை முதலீடு என்று நம்பி இறங்குபவர்கள் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

சில மாற்றங்களுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1938 வரை ஃபோர்டு கார்களில் இருந்தது கம்பியும் கோலும் இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக். ஹைட்ராலிக் பிரேக் 1939இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். புதிய கார்களில் சீட் பெல்ட் பொருத்துவது 1968 முதல்தான் அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி கட்டாயம். சாலை வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் 1996இல் முற்றாக நின்றதால், பழைய இன்ஜின்களின் வால்வு இருக்கைகளைக் கடினமாக்க வேண்டியிருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கிறது. குடும்பத்தை ஏற்றிச் சாலைக்கு வரும் காரில் இரட்டைச் சுற்று பிரேக்கும் பெல்ட்டும் போடுவதைக் குறைசொல்பவருக்கு இரும்பின் மேல் உள்ள அக்கறை உயிரின் மேல் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

தூய்மைவாதிகள் பேசாத இன்னொரு பக்கம் உண்டு: அசல் என்ற பெயரில் நடக்கும் போலி. ஒரு காரின் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பொருந்தினால் விலை பல மடங்கு ஏறுவதால், வேறு இன்ஜினில் எண்ணை அரைத்துப் புதிதாகப் பொறிக்கும் வேலை அங்கே நெடுங்காலமாக நடக்கிறது. சாதாரண ஷெவெல் காருக்கு விலை உயர்ந்த எஸ்.எஸ். மாடலின் முத்திரையைக் குத்துவார்கள். துருப்பிடித்தது போலவே பெயின்ட் அடித்துத் தரும் கலைஞர்களும் இருக்கிறார்கள். ‘இது நான் மாற்றியது’ என்று கூரையைக் காட்டி நிற்கும் ஹாட் ராட்காரர் இவர்களைவிட நேர்மையானவர்.

புதுப்பித்தலும் ஒருவகை அழிவாகலாம். திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு நடத்திக் கோயில் கல்வெட்டுகளை மழுக்கிய கதையைத் தமிழ்நாடு அறியும். அதே மணல்வீச்சுதான் பழைய காரின் முதல் பெயின்ட்டையும், தொழிற்சாலை ஆட்கள் சுண்ணக்கட்டியால் கிறுக்கிய குறிகளையும் துடைத்துவிடுகிறது. ‘புல்லிட்’ மஸ்டாங்கைப் பளபளவென்று புதுப்பித்திருந்தால், படப்பிடிப்புக் கேமராவைத் தாங்க அடியில் பற்றவைத்த இரும்புகளும் போயிருக்கும்; அதுதான் அந்தக் கார் என்பதற்கான சான்றும் குறைந்திருக்கும்.

அப்படியானால் யார் எதை வெட்டலாம்? மூன்று கேள்விகள் போதும். இந்த நிலையில் இப்படி ஒரு கார் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது? செய்யும் மாற்றத்தைத் திரும்பப் பெற முடியுமா? செய்தது பதிவாகிறதா?

முதல் கேள்விக்குப் பதில் முன்னைவிட இப்போது எளிது. 1932 ஃபோர்டு கூப்பேயின் இரும்பு உடல் இன்று புதிதாகவே தயாராகி விற்கிறது. 1960களின் மஸ்டாங்குக்கும் அப்படியே. வெட்ட ஆசைப்படுபவர் அந்தப் புது உடலை வாங்கி ஆசைதீர வெட்டட்டும். இன்ஜின் போய், தரை இற்று, கொட்டகையில் கிடக்கும் எலும்புக்கூட்டிலும் தாராளமாகக் கைவைக்கலாம். அந்த வண்டிக்கு மறுவாழ்வு அதுதான். கியூபாவில் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க வர்த்தகத் தடை வந்தபின் உதிரிபாகம் இல்லாமல் போனபோது, ரஷ்யக் கார்களின் பாகங்களையும் டீசல் இன்ஜின்களையும் பொருத்தித்தான் பழைய ஷெவர்லேக்களை ஹவானா ஓட்டியது. தூய்மை பார்த்திருந்தால் அவை அத்தனையும் பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும். ஆனால், ஒரே குடும்பத்தின் கையிலிருந்து, முதல் பெயின்ட்டும் முதல் இருக்கையும் கலையாமல் பிழைத்து வந்த கூப்பேயை அறுப்பவர் செய்வது வேறு. அது இனி ஒருமுறை கிடைக்காது.

இரண்டாவது கேள்வி, போல்ட்டுக்கும் வெல்டிங்குக்கும் உள்ள வித்தியாசம். 1997இல் கார்வெட் காரோடு அறிமுகமான எல்.எஸ். வரிசை இன்ஜினைப் பழைய கூப்பேக்குள் இறக்குவது இன்று அங்கே சர்வசாதாரணம். சேசிஸை அறுக்காமல், போல்ட் போட்டு இறக்கி, கழற்றிய இன்ஜினைத் துணி சுற்றி மூலையில் வைத்திருந்தால் அடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

மூன்றாவதற்கு வழிகாட்டி ஏற்கெனவே இருக்கிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் டுரின் சாசனத்தை ஏற்றது. பேணிக்காப்பதையும் புதுப்பிப்பதையும் அது பிரித்துப் பார்க்கிறது. வாகனம் பயன்பாட்டில் இருந்த காலத்தில் நடந்த மாற்றங்களையும் அதன் வரலாறாக மதிக்கிறது. புதிதாகச் சேர்த்த பாகங்கள் உற்றுப் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும், செய்த வேலைகள் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் அல்ல, ஆனால் நியாயம் அதில் இருக்கிறது.

நம் நாட்டு விதி இந்த இடத்தில் பின்தங்குகிறது. 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்திய மத்திய அரசு, 50 ஆண்டுகள் கடந்த வாகனங்களுக்கு ‘விஏ’ எழுத்துடன் தனிப் பதிவெண் கொண்டுவந்தது. நல்ல முயற்சி. ஆனால் சேசிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஹிரோஹாட்டாவின் மெர்குரி இங்கே இருந்திருந்தால் அதற்கு விண்டேஜ் பதிவு கிடைப்பதே கடினம். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் இன்ஜின் மாற்றிக்கொண்டு இங்கே வாடகைக்கு ஓடிய பழைய அமெரிக்கக் கார்களின் வரலாறும் இந்த விதிக்குள் அடங்காது.

விதியைத் தளர்த்தி எல்லாவற்றையும் அனுமதிக்கச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது 30 ஆண்டுகளுக்கு முன் நடந்த மாற்றம் என்று புகைப்படத்தாலோ பழைய பதிவுப் புத்தகத்தாலோ நிரூபிக்க முடிந்தால், அந்த வண்டிக்கும் தனிப் பிரிவில் விண்டேஜ் பதிவு தரலாம். அமைச்சகம் இதை ஒரு சிறு திருத்தத்தால் செய்துவிடலாம். உரிமையாளர்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சிறியது: அறுப்பதற்கு முன் நாலாபுறமும் படம் எடுங்கள், கழற்றிய பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், செய்த வேலையைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வண்டியோடு வையுங்கள்.