வேலை போனால் எந்தக் கதவைத் தட்டுவது?



பேப்பரில் ‘கம்பெனி மூடல்’, ‘ஆட்குறைப்பு’ என்று செய்தி வந்தால், ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை மூடியபோதும் சரி, 2022-ல் மறைமலை நகர் ஃபோர்டு கம்பெனியில் கார் உற்பத்தி நின்றபோதும் சரி, எத்தனை கோடி முதலீடு, யார் வாங்கப் போகிறார்கள் என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. வேலை போன மறுமாசம் வீட்டு வாடகைக்கும் பால் கணக்குக்கும் பிள்ளைகள் ஃபீசுக்கும் என்ன வழி என்று கேட்டவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைத்தான் நம் தோழிகள் முன்னால் வைக்கிறேன்.

நம்மில் பலரும் நினைப்பது என்ன? “வேலை இல்லாதவங்களுக்கு கவர்மென்ட் பணம் தருதாமே, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தா போதும்” என்று. அப்படி ஒரு திட்டம் இருப்பது உண்மைதான். தமிழக அரசு 2006-ல் கொண்டு வந்த உதவித்தொகை அது. பத்தாவது ஃபெயிலானவர்களுக்கு மாசம் 200 ரூபாய், பாஸ் செய்தவர்களுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிகளுக்கு 600. மூன்று மாசத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் போடுவார்கள். அதிகபட்சம் மூன்று வருஷம் கிடைக்கும்.

ஆனால் அதற்குள் இருக்கும் நிபந்தனையைப் பாருங்கள். பெயரைப் பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்திருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பித்து வந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது நாற்பதுக்குள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 45-க்குள். ஆக, இது படித்துவிட்டு வேலையே கிடைக்காதவர்களுக்கான பணம். நேற்று வரை வேலை பார்த்து இன்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கான பணம் இல்லை. கல்யாணம் ஆனதும் பதிவைப் புதுப்பிக்க மறந்துபோன பெண்கள் எத்தனை பேர் இருக்கிறோம்!

வேலை பார்த்து இழந்தவர்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. அது ஈ.எஸ்.ஐ. ‘அது ஆஸ்பத்திரிதானே?’ என்று கேட்பீர்கள். பலருக்கும் அப்படித்தான் தெரியும். 2018 ஜூலை 1 முதல் ‘அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம்’ என்று ஒன்றை ஈ.எஸ்.ஐ. கழகம் கொண்டு வந்தது. வேலை போனால், முன்பு வாங்கிய சராசரி தினக் கூலியில் கால் பங்கை 90 நாள் வரைக்கும் தருவது என்று ஆரம்பித்தார்கள். 2020-ல் கொரோனா சமயத்தில் அதைப் பாதிப் பங்காக உயர்த்தினார்கள். 90 நாள் கழித்துத்தான் பணம் என்று இருந்ததை 30 நாளாகக் குறைத்தார்கள். கம்பெனி வழியாகப் போகாமல், தொழிலாளியே நேராக ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்கலாம் என்றும் மாற்றினார்கள். முதலில் கேட்ட பிரமாணப் பத்திரமும் தேவையில்லை என்று ஆனது. இது நிரந்தரத் திட்டம் இல்லை, அவ்வப்போது காலம் நீட்டித்து வந்திருக்கிறார்கள். அதனால் இப்போதைய விதி என்ன என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தினக் கூலி சராசரி 400 ரூபாய் என்றால், பாதி 200. அதை 90 நாளுக்குப் பெருக்கினால் 18,000 ரூபாய். பத்தாவது பாஸ் செய்தவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்று வருஷம் முழுக்க வாங்கினாலும் 10,800 ரூபாய்தான். இவ்வளவு வித்தியாசம் இருந்தும், முதல் கதவைத் தெரிந்த அளவுக்கு இரண்டாவது கதவை யாருக்கும் தெரியவில்லையே!

இது தானமும் இல்லை. 12,000 ரூபாய் சம்பளம் என்றால் மாசா மாசம் நம் சம்பளத்தில் 90 ரூபாய் பிடிக்கிறார்கள், முதலாளி 390 ரூபாய் கட்டுகிறார். நாம் கட்டிய பணத்தைத்தான் கேட்கிறோம்.

ஆனால் இங்கேயும் சிக்கல் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அக்கா ஒருத்தர். ஆர்டர் இல்லை என்று இருபது பேரை நிறுத்தினார்கள். “சொந்தக் காரணத்தால் விலகிக்கொள்கிறேன்னு எழுதிக் கொடுத்தாத்தான் பாக்கி சம்பளம்” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மாசம் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அலைந்து, பிறகு யாரோ சொல்லி ஈ.எஸ்.ஐ. ஆபீஸுக்குப் போனால், “நீங்களே விலகினதா இருக்கே அம்மா” என்கிறார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள், விருப்ப ஓய்வில் போனவர்களுக்கு இந்தப் பணம் இல்லை என்பது விதி. ஒரு கையெழுத்தால் அந்த அக்காவின் நியாயமே தலைகீழாகிவிட்டது. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு இன்னும் மனு எழுதிக்கொண்டு இருக்கிறார்.

இன்னொன்று, நாள் கணக்கு. 2020-ல் சொன்ன விதிப்படி, இரண்டு வருஷமாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாசக் காலகட்டத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று காலகட்டங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும். வாரத்தில் மூன்று நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு என்று இழுத்தடித்துக் கடைசியில் நிறுத்துகிற கம்பெனிகளில் இந்தக் கணக்கு எப்படி நிறையும்? அதிகம் கஷ்டப்பட்டவர்களே வெளியே நிற்கிறார்கள். அது மட்டுமா, ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும்.

வீட்டு வேலை செய்கிறவர்கள், வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள் நிலைமை இதைவிட மோசம். அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. வேலையின்மை, முதுமை, நோய் வந்த காலத்தில் அரசு உதவ வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 41-வது பிரிவு சொல்கிறது. ஏட்டில் இருப்பது வீட்டுக்கு வர வேண்டாமா?

அரசாங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. 2006-ல் வைத்த 200, 300 ரூபாயே 2024-லும் அறிவிப்புகளில் வந்துகொண்டிருந்தது. இந்த விலைவாசியில் அதைக் கூட்ட வேண்டும். ஆள் குறைக்கும்போது ‘நிறுத்தப்பட்டார்’ என்று எழுத்தில் கொடுப்பதைக் கட்டாயமாகக் கண்காணிக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. பணம் பற்றித் தமிழில் ஒரு போர்டு ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் இருக்க வேண்டும்.

தோழிகளே, நம் பங்குக்கு நாமும் செய்யலாம். வீட்டில் நீங்களோ, கணவரோ, தங்கையோ வேலைக்குப் போனால் ஈ.எஸ்.ஐ. எண், சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம் மூன்றையும் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் அந்த எண்ணோடு இணைந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எத்தனை நாளுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை விசாரியுங்கள். முக்கியமாக, படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்’ என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. அந்த ஒரு நாள், மூன்று மாசச் சோற்றைக் காப்பாற்றும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.