பொதுத்தேர்வுக்கு நடுவே விண்ணப்பமா?

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான ‘க்யூட்’ நுழைவுத் தேர்வுக்கு 2025 மார்ச் 1 முதல் 22 வரை விண்ணப்பிக்கலாம் என்று அதை நடத்துபவர்கள் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு அந்த மார்ச் 3 முதல் 25 வரை நடந்தது. அந்தத் தேதிகள் 2024 அக்டோபரிலேயே வெளியானவை. அவை தெரிந்திருந்தும் விண்ணப்பக் காலத்தை அப்படியே பொதுத்தேர்வின் மேல் வைத்தார்கள்.

தேதி மட்டும்தான் பிரச்சினை என்றால் எப்படியோ சமாளித்துவிடலாம். தேர்வின் விதிகளையே 2024 டிசம்பரில் மாற்றினார்கள். 63 பாடங்கள் 37 ஆகிவிட்டன. ஆறு பாடங்கள் வரை எழுதலாம் என்றிருந்தது ஐந்தாகக் குறைந்தது. பெரும்பாலான தாள்களில் ஐம்பது கேள்விகளில் நாற்பதுக்கு விடையளித்தால் போதும் என்ற வசதி போய்விட்டது. 2024இல் பதினைந்து பாடங்களைக் காகிதத்திலும் மற்றவற்றைக் கணினியிலும் நடத்தினார்கள். 2025இல் மறுபடியும் எல்லாமே கணினிக்குத் திரும்பியது. இவற்றில் சில நல்ல மாற்றங்களாகவே இருக்கலாம். பாதிப் படிப்பில் இருக்கும் பிள்ளைகளின் தலையில் அவற்றை இறக்கியதைத்தான் ஏற்க முடியவில்லை.

2025இல் பரீட்சை எழுதிய பிள்ளைகள் 2023இல் பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள். மார்க்கைப் பார்த்து, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு, வீட்டில் வாக்குவாதம் செய்து குரூப் எடுத்தவர்கள். சிபிஎஸ்இ பள்ளிகளில் சுற்றுலா, ஃபேஷன், சட்டக் கல்வி, தொழில்முனைவு போன்ற பாடங்களை நம்பி எடுத்தவர்கள் உண்டு. இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு படித்து, அதையே மொழித்தாளாக எழுத எண்ணியிருந்தவர்களும் உண்டு. ஒன்றரை ஆண்டு கழித்து, அவற்றுக்குத் தனித் தாளே கிடையாது, பொதுத் திறனறித் தாளை எழுதுங்கள் என்றால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைகளுக்குத்தான் இதில் அடி அதிகம். குடும்பத்திலேயே முதலில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வழிகாட்டி என்று இருப்பவர் பள்ளியின் முதுகலை ஆசிரியர் ஒருவர்தான். அவர் கையில் இருப்பது முந்தைய ஆண்டுக் கையேட்டின் ஜெராக்ஸ். பொதுத்தேர்வு மாதத்தில் அவரும் தேர்வறைக் கண்காணிப்புக்குப் போயிருப்பார். கடைசியில் அப்பாவும் மகளும் கெமிஸ்ட்ரி பரீட்சைக்கு முதல் நாள் மாலை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பார்கள். 2025இல் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு மூன்று பாடங்கள் வரை 1000 ரூபாய், அதற்கு மேல் பாடத்துக்கு 400. ஐந்தும் எழுத 1800 ரூபாய். எந்த ஐந்து என்று கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பையன் கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அவள் விரும்பும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எந்தப் படிப்புக்கு எந்தத் தாள்களைக் கேட்கிறது என்று முன்பே படித்திருக்க வேண்டும்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்காத பாடத்திலும் தேர்வு எழுதலாம் என்று பெரிதாகச் சொல்கிறார்கள். ஆனால் தில்லிப் பல்கலைக்கழகம், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களில்தான் க்யூட் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டுவருகிறது. தலைப்புச் செய்தியை மட்டும் நம்பி, காமர்ஸ் படித்த பெண் வரலாற்றுத் தாள் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினால், சேர்க்கை நேரத்தில் அந்த மதிப்பெண் அங்கே செல்லாது. தவறு அவளுடையதா?

இந்த முடிவுகளை எடுப்பவர்களின் கடந்த காலத்தைப் பார்த்தால் இது புதிதல்ல. 2022இல், முதல் க்யூட் தேர்வின்போது, தேர்வு மையங்கள் கடைசி நேரத்தில் மாறின. தொழில்நுட்பக் கோளாறு என்று பல மையங்களில் தேர்வே ரத்தானது. முடிவுகள் செப்டம்பர் நடுவில்தான் வந்தன. 2024இல் தில்லி மாணவர்களுக்கு மே 15ஆம் தேதித் தேர்வு தள்ளிப்போனது முந்தைய நாள்தான் தெரிந்தது. பிறகு ஒரு பகுதியினருக்கு ஜூலை 19இல் மறுதேர்வு. முடிவு வந்தது ஜூலை 28இல். அதற்குள் தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகளே தொடங்கிவிட்டன. காத்திருக்கத் துணியாத பெற்றோர் வேறு கல்லூரியில் பணத்தைக் கட்டிவிட்டு, திரும்பி வருமா என்று அலைந்தார்கள். அதே ஆண்டில் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான ‘நெட்’ தேர்வை ஜூன் 18இல் நடத்தி மறுநாளே ரத்து செய்தவர்களும் இவர்கள்தாம். எதற்காவது யாராவது பொறுப்பேற்றார்களா? ஒவ்வொரு முறையும் ஒரு குழு, ஓர் அறிக்கை, ஒரு புதிய முறை. விலை கொடுத்தது மாணவர்கள் மட்டுமே.

ஒரே தேர்வு, எல்லாருக்கும் சம வாய்ப்பு என்று சொல்லித்தான் இதைக் கொண்டுவந்தார்கள். மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று தமிழ்நாடு சட்டப்பேரவை 2022 ஏப்ரலிலேயே தீர்மானம் நிறைவேற்றியது. அதை அரசியல் என்று ஒதுக்கினார்கள். சரி, அரசியலை விட்டுவிடுவோம். முதல் நான்கு ஆண்டுகளில் ஒரு தேர்வை இரண்டு ஆண்டு தொடர்ந்து ஒரே மாதிரி நடத்த முடியாதவர்கள் சம வாய்ப்பைப் பற்றிப் பேச என்ன தகுதி? விதி மாறும்போதெல்லாம் பெருநகரத்துக் கோச்சிங் சென்டர்கள் ஒரே வாரத்தில் புதிய பாடப்புத்தகம் போட்டுவிடுகின்றன. பேராவூரணியிலும் அரூரிலும் உள்ள பள்ளிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே மாதங்கள் ஆகின்றன. அடிக்கடி மாறும் விதி, காசுள்ளவனுக்கு மட்டுமே சாதகமான விதி.

மாற்றம் வேண்டுமானால் அது பிளஸ் ஒன் சேரும் பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். மாநிலங்களின் தேர்வு அட்டவணையைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும். அவரவர் மொழியில் விளக்கிச் சொல்ல ஆள்கள் வேண்டும். எப்படிச் செய்வது என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கட்டும். முதல் காரியமாக, விண்ணப்பக் கெடுவைப் பொதுத்தேர்வு முடிந்து பிள்ளைகள் மூச்சுவிடும் நாள்வரை நீட்டியிருக்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைகளை வைத்துப் பரிசோதனை நடத்த யாருக்கும் உரிமை இல்லை.