சளியில் கிருமி இருந்தால் பயப்பட வேண்டுமா?

சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களின் வீட்டில், ஒரு லேப் ரிப்போர்ட் போதும், எல்லோருடைய தூக்கமும் போய்விடும். சளியைக் கல்ச்சர் டெஸ்ட்டுக்குக் கொடுத்திருப்பார்கள். 'ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே' என்று வாயில் நுழையாத பெயர் ஒன்று வந்திருக்கும். "அப்பாவுக்கு நுரையீரல் முழுக்கக் கிருமியாம்" என்று உறவுகளுக்கெல்லாம் போன் பறக்கும். அந்த அப்பாவோ, அன்றைக்கும் வழக்கம்போலத் தெருமுனை வரை நடந்துபோய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்திருப்பார்.

கிருமி இருப்பது வேறு; கிருமியால் நோய் மூள்வது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல வீடுகளில் ஆன்டிபயாடிக் மாத்திரை, மிட்டாய் போலத் தீர்கிறது.

ஆரோக்கியமான நுரையீரலில் கிருமியே கிடையாது என்றுதான் மருத்துவ மாணவர்களுக்கு வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். லேப் தட்டில் வளர்த்துப் பார்த்தே கிருமியைக் கண்டுபிடித்த காலம் அது. தட்டில் வளராதது கணக்கில் வராது. டி.என்.ஏ.வை வைத்து அடையாளம் காணும் முறை வந்த பிறகு கதை மாறியது. 2010-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 2,000 பாக்டீரியாக்களின் மரபுத் தடயம் கிடைத்தது. குடலோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால், யார் குடியிருக்கிறார்கள் என்பதில் வித்தியாசம் தெரிந்தது. நோயில்லாதவர்களிடம், வாயில் வாழும் பிரெவோடெல்லா போன்றவை அதிகம். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. உள்ளவர்களிடம் ஹீமோஃபிலஸ் அதிகம்.

வாயில் இருப்பது நெஞ்சுக்குள் எப்படிப் போகிறது? தூக்கத்தில் துளித்துளியாக எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது ஆரோக்கியமானவர்களுக்கும் நடப்பதுதான். குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய முடிகள் துடைப்பம்போல அசைந்து, சளியோடு சேர்த்து அதை மேலே தள்ளிவிடும். பல வருஷம் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கும், விறகடுப்புப் புகையிலேயே காலம் கழித்த பெண்களுக்கும் இந்தத் துடைப்பம் தேய்ந்துபோகிறது. சளி கெட்டியாகித் தேங்குகிறது. வந்த கிருமி திரும்பிப் போவதில்லை. அதை விரட்ட வரும் வெள்ளை அணுக்கள் வெளியிடும் ரசாயனம் குழாய்ச் சுவரையே அரிக்க, இன்னும் சளி, இன்னும் கிருமி என்று சுற்றிச்சுற்றி வரும்.

(ஹீமோஃபிலஸுக்கு 'இன்ஃப்ளூயன்சே' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதே ஒரு தவறால்தான். 1892-ல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, ஃப்ளூ காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்று நினைத்துவிட்டார். ஃப்ளூவுக்குக் காரணம் வைரஸ்!)

நிரந்தரமாகக் குடியிருக்கும் கிருமியோடு பலர் மாதக்கணக்கில் சிக்கல் இல்லாமல் இருக்கிறார்கள். பிறகு திடீரென்று ஏன் மூச்சு முட்டுகிறது? அமெரிக்காவின் பஃபலோ நகரில் சி.ஓ.பி.டி. நோயாளிகள் 81 பேரின் சளியை மாதாமாதம் சோதித்தார்கள். முடிவு 2002-ல் வந்தது. பழகிய கிருமியின் இடத்தில் அதே இனத்தின் புதிய ரகம் ஒன்று வந்து சேர்ந்த சமயங்களில், நோய் தீவிரமாவது ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. ஆக, "கிருமி இருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "என்ன மாறியிருக்கிறது?" என்று கேட்பது பயனுள்ளது. சாதாரண ஜலதோஷ வைரஸும் நோயைக் கிளப்பிவிடும். அதற்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

மருத்துவர்கள் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். வழக்கத்தைவிட மூச்சுத்திணறல் கூடியிருக்கிறதா, சளியின் அளவு கூடியிருக்கிறதா, வெள்ளையாக இருந்த சளி மஞ்சள் அல்லது பச்சையாக மாறியிருக்கிறதா. பச்சை நிறம் கிருமியுடையது அல்ல, சண்டைக்கு வந்த வெள்ளை அணுக்களின் நொதியுடையது. அதனால் நிறமும் மாறி, மூச்சும் வாங்கினால் ஆன்டிபயாடிக் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட்டில் பெயர் வந்ததற்காக மட்டும் தேவையில்லை.

அசித்ரோமைசின் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. சிலருக்கு மருத்துவரே மாதக்கணக்கில் எழுதிக்கொடுக்கிறார். அமெரிக்காவில் 1,142 பேரிடம் ஒரு வருஷம் நடந்து, 2011-ல் வெளியான ஆய்வில், தினமும் 250 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு நோய் தீவிரமாவது குறைந்தது. கூடவே சிலருக்குக் காது கேட்கும் திறனும் குறைந்தது; மருந்துக்கு மசியாத கிருமிகளும் உருவாயின. ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்து, தேர்ந்தெடுத்த சிலருக்குத் தரும் சிகிச்சை அது. மெடிக்கல் ஷாப்பில் மூன்று மாத்திரை அட்டையை அவ்வப்போது வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு அதை உதாரணமாகக் காட்ட முடியாது.

நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: டி.பி. லீவோஃபிளாக்சசின் போன்ற மாத்திரைகள் டி.பி. கிருமியைப் பாதி அமுக்கிவைத்து, நோயைக் கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கிவிடும். நாள்பட்ட இருமல்காரர் என்றாலும், இருமல் புதிதாக இரண்டு வாரத்துக்கு மேல் கூடினாலோ, எடை குறைந்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ டி.பி. பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ நேராக ஆஸ்பத்திரிதான்.

சளி கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். காலையில் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். அவசரத்தில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால், ரிப்போர்ட்டில் வருவது வாயில் உள்ள கிருமிகளின் பட்டியல்தான்.