வைஃபை பாஸ்வேர்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்

 

போன மாதம் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு வேலியோரம் வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை. இந்த முறை ஓ/எல் எடுக்கிறாள். எங்கட வைஃபை எட்டுகிற இடத்தில் இருட்டுக்குள் நின்று கணித வினாத்தாள் இறக்கிக்கொண்டிருந்தாள். பாஸ்வேர்ட் என் மகன் கொடுத்ததாம். "சேர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். வெட்கப்பட்டது நான்தான்.

விஷயத்தைக் கேட்ட நண்பர் ஒருவர், "கவனம் சேர், உங்கட கனெக்‌ஷனில ஆரும் ஏதும் போட்டால் உங்களைத்தான் தேடி வருவினம்" என்றார். அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஃபோனில் கிடந்த பழைய படங்களைக்கூட யோசித்து யோசித்து அழித்தவன் நான். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. வீட்டில் பத்து ஃபோன் பாவித்தாலும் வெளியில் அது ஒரே இணைப்பு. பதிவு என் அடையாள அட்டையில்.

ஆனால் பூட்டி வைப்பது விடையில்லை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடி, வகுப்பு வாட்ஸ்அப்புக்கும் ஸூமுக்கும் போனபோது, என் வகுப்பில் பல பிள்ளைகளைக் காணவில்லை. 2021இல் பொஹிட்டியாவப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள் பாறை ஏறினார்கள். இவர்களுக்குக் குறைந்தது கெட்டித்தனம் அல்ல.

நான் செய்தது இதுதான். ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வேர்க்' என்று ஒன்று உண்டு. அதற்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்ட் போட்டேன். பின்னேரம் 6 முதல் 9 வரை, பாடத்துக்கு மட்டும். ஒருவர் படம் பார்த்தால் மற்றவர்களுக்கு இழுபடும், டேட்டாவும் முடியும். மாதம் ஒருமுறை பாஸ்வேர்ட் மாறும். புதியதைத் தாயோ தகப்பனோ வந்து வாங்க வேண்டும். காசு வாங்குவதில்லை, இது வியாபாரம் இல்லை. இதனால் என் பொறுப்பு நீங்கிவிடாது, தெரியும். ஆனால் முகம் தெரியாத யாருக்கும் நான் கொடுக்கவில்லை.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது எங்கட கிணறு தூர்ந்து கிடந்தது. முதல் குடம் தண்ணீர் தந்தது அந்தப் பிள்ளையின் அம்மம்மா. எத்தனை நாள் அள்ளுவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. சின்ன உதவியைக்கூட மறுப்பவரைச் சூரா அல்மாஊன் கண்டிக்கிறது.

பிள்ளை இப்போது வேலியோரம் நிற்பதில்லை, எங்கட விறாந்தையில் மேசை போட்டுப் படிக்கிறாள். வசதியுள்ள வீடுகளிடம் கேட்கிறேன்: ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை. பரீட்சை முடியும் வரைக்குமாவது.