ஒரே குவளை, இரண்டு பானம்

நம் ஊர் வெக்கையில் ஒயினை அப்படியே குடித்தால் சாப்பாடு வருவதற்குள் தலை கனத்துவிடுகிறது. அதனால் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் நான் கலப்பது ‘ஒயின் ஸ்பிரிட்ஸ்’. ஒயின், சோடா, ஐஸ், கொஞ்சம் புளிப்பு. அவ்வளவுதான்.

19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வெனிட்டோ வட்டாரம் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. அங்கு வந்த ஆஸ்திரியர்கள் உள்ளூர் ஒயினில் தண்ணீர் தெளித்துக் குடித்ததிலிருந்து இந்தப் பானம் பிறந்தது என்பார்கள். ஜெர்மன் மொழியில் ‘ஸ்பிரிட்சன்’ என்றால் தெளிப்பது.

செய்முறைக்கு வருவோம். இனிப்பில்லாத வெள்ளை ஒயினே பொருத்தம். விலை உயர்ந்த போத்தல் தேவையில்லை. ஒயினையும் சோடாவையும் முதல் நாளே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த சோடாவில்தான் வாயு தங்கும். குவளை நிறைய ஐஸ் போடுங்கள். இரண்டே கட்டி போட்டால் அவை சீக்கிரம் கரைந்து பானம் சப்பென்று ஆகிவிடும். முதலில் 90 மில்லிலிட்டர் ஒயின், ஒரு தேக்கரண்டி கலமான்சி சாறு. கடைசியாக 90 மில்லிலிட்டர் சோடாவைக் குவளையின் ஓரமாக ஊற்றுங்கள். கரண்டியால் ஒருமுறை மெதுவாகக் கிளறினால் போதும். புதினா இலையை உள்ளங்கையில் வைத்துத் தட்டி மேலே செருகினால் வாசம் தூக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். சோடா ஊற்றுவதால் ஒயினில் உள்ள மது மறைந்துவிடாது. 12 விழுக்காட்டு ஒயின் 150 மில்லிலிட்டரில் 18 மில்லிலிட்டர் மது இருக்கிறது. 90 மில்லிலிட்டரில் 10.8. ஒயினைக் குறைத்ததால்தான் மதுவும் குறைகிறது. மூன்று குவளை குடித்தால் 32.4. கார் ஓட்டிப் போகிறவருக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

இன்னொருவருக்கும் கொடுக்கக்கூடாது என்பதை நான் கற்றது போன தீபாவளிக்கு.

அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அத்தான் கையில் வெறும் தண்ணீர். “என்ன அத்தான், எங்க வீட்டுல மட்டும் குடிக்க மாட்டீங்களா? ஒரே ஒரு கிளாஸ், ஒண்ணும் ஆகாது” என்று எல்லார் முன்னாலும் குவளையை நீட்டினேன். சிரித்தபடி வாங்கி மேசையில் வைத்தார். நான் விடவில்லை. மறுபடியும் கேட்டேன். சாப்பாடு பரிமாறும் முன்பே, தலைவலி என்று கிளம்பிவிட்டார்.

சமையலறையில் அக்கா மெதுவாகச் சொன்னாள். “நாலு மாசமா தொடல தம்பி. எவ்வளவு கஷ்டப்பட்டு விட்டாருன்னு எனக்குத்தான் தெரியும்.”

அன்றிரவு அந்தக் குவளையைத் தொட்டியில் கொட்டும்போது எனக்கே என்மீது வெறுப்பாக இருந்தது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் இன்னொரு ஸ்பிரிட்ஸும் உண்டு. இரண்டு பச்சைத் தேயிலைப் பைகள், நான்கு வில்லை இஞ்சி இரண்டையும் அரை லிட்டர் குளிர்ந்த நீரில் போட்டு இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறேன். வெந்நீர் வேண்டாம், கசந்துவிடும். மறுநாள் வடிகட்டி, இதில் 90 மில்லிலிட்டர், கலமான்சி இரண்டு தேக்கரண்டி, சீனிப்பாகு ஒரு தேக்கரண்டி, மேலே சோடா. தேயிலையின் லேசான துவர்ப்பு ஒயினை நினைவூட்டினாலும் சொட்டு மதுகூட இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பதென்றால் தேயிலைக்குப் பதில் இஞ்சியை மட்டும் ஊறப்போடுகிறேன்.

இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும் என்பதால் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஒயினை ஜாடியில் முன்கூட்டியே கலப்பதில்லை. போத்தல் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும். தேயிலை ஜாடியில் பெயர் ஒட்டியிருக்கும்.

போன மாதம் மகள் பிறந்தநாளுக்கு அத்தான் வந்தார். ஜாடியைக் காட்டி, “தேயிலையும் இஞ்சியும்தான் அத்தான்” என்று சொல்லிவிட்டுக் குவளையை அவர் கையில் கொடுத்தேன். வேறெதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, கேக் வெட்டும்வரை இருந்தார். இரண்டாவது குவளையை அவரே ஊற்றிக்கொண்டார்.

“சீனி கொஞ்சம் தூக்கல், மச்சான்” என்றார். அடுத்த முறை அரைத் தேக்கரண்டிதான்.