கிந்தா பள்ளத்தாக்கின் எண்ணுக்கு என்ன பதில்?

மருத்துவக் காப்புறுதிச் சந்தா உயர்வை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து வசூலிக்க வேண்டும் என்று மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2024 டிசம்பரில் அறிவித்ததிலிருந்து பேச்செல்லாம் பணத்தைப் பற்றியே. எந்த நோய் எந்தச் சமூகத்தை வாட்டுகிறது, அதற்கு மருந்தை விட்டால் வேறு வழி உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

பெருங்குடல் புண் அழற்சியை எடுத்துக்கொள்வோம். இரத்தமும் சளியும் கலந்த பேதி, நிமிடத்துக்கு நிமிடம் கழிப்பறை அவசரம். நோய் தீவிரமாக இருப்பவருக்குத் தைப்பூசக் கூட்டத்தில் பத்துமலையின் 272 படிகள் எட்டாத உயரம்.

2015இல் வெளியான கிந்தா பள்ளத்தாக்கு ஆய்வு சொல்வது இது: புண் அழற்சியையும் உள்ளடக்கிய குடல் அழற்சி நோய் இந்தியர்களில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 25 பேரிடம் இருக்கிறது, மலாய்க்காரர்களிலும் சீனர்களிலும் சுமார் 7 பேரிடம்தான். மூன்றரை மடங்கு! அதற்குப் பத்தாண்டு முன்பே, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் சேர்ந்த நோயாளிகளைக் கணக்கிட்டபோதும் புண் அழற்சியில் இந்தியர்களே முன்னால் நின்றார்கள். இரண்டு எச்சரிக்கைகள் வந்தும் தேசிய அளவில் இது பேசுபொருளாகவில்லை.

இப்போதுள்ள வழிகள் எளிதானவை அல்ல. ஸ்டீராய்டு நீண்டால் முகம் வீங்கும், எலும்பு தேயும். உயிரியல் ஊசிகளின் விலை ஒருபுறம். அவற்றில் சில, உள்ளுக்குள் உறங்கும் காசநோயைத் தட்டி எழுப்பும் அபாயம் மறுபுறம்.

ஜப்பானியர் இன்னொரு வழி கண்டார்கள். ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, செல்லுலோஸ் அசிட்டேட் மணிகள் நிறைந்த குழலில் ஓடவிட்டு, மறு கையில் திருப்பிச் செலுத்துவது. அழற்சியைத் தூண்டும் வெள்ளணுக்களில் ஒரு பகுதி அந்த மணிகளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் சுமார் 1.8 லிட்டர் இரத்தம் வடிகட்டப்படும். அங்கே இதற்குக் காப்பீடும் உண்டு. இரத்தத்தைச் சுத்தம் செய்வதாகக் கஷாயம் விற்பவர்களுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

எதிர்ப்பாளர்கள் 2008இல் வெளியான வட அமெரிக்க ஆய்வை நீட்டுவார்கள். அதில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் நோய் தணிந்தது. புள்ளியியல்படி அந்த வித்தியாசம் செல்லாது. சரி, ஆனால் அது பெரும்பாலும் வாரம் ஒருமுறை என்ற கணக்கு. மறு ஆண்டு ஜப்பானில் வாரம் இருமுறை செய்தபோது 71 விழுக்காட்டினருக்குத் தணிந்தது; வாரம் ஒருமுறைக் குழுவில் 54. போலிச் சிகிச்சைக் குழு இல்லாத ஆய்வு என்பது அதன் குறை. அந்தக் குறையைச் சாக்காக வைத்துக் கதவைச் சாத்துவது அறிவியல் அல்ல, சோம்பல்.

வசதி இல்லை என்ற பேச்சும் எடுபடாது. 50,000 பேருக்கு மேல் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நாடு இது. உடலுக்கு வெளியே இரத்தத்தை ஓடவிட்டுத் திருப்பிச் செலுத்தத் தெரிந்த தாதியர் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கிறார்கள். குழலும் எந்திரமும் வேறு, கைப்பழக்கம் ஒன்றே.

சுகாதார அமைச்சு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும்: குடல் அழற்சி நோயாளிகளுக்கு இனவாரியான தேசியப் பதிவேடு, கோலாலம்பூர், கிள்ளான் அரசு மருத்துவமனைகளில் வாரம் இருமுறை முறைக்குப் போலிச் சிகிச்சைக் குழுவுடன் கூடிய சோதனை, ஸ்டீராய்டை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சையைக் காப்புறுதிப் பட்டியலில் சேர்க்கும் உத்தரவு. சோதனை முடியும்வரை மூன்றாவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.